மூலம் என்று மறைத்துவிடாதீர்கள்!

1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கப்பெற்ற தாம்பரம் சானடோரியம், 1993 முதல் எச்.ஐ.வி. தொற்றியோரையும் அரவணைத்து வருகிறது. 2004இல் இலவசக் கூட்டு மருந்து வந்தது; ஆயுள் நீண்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் இவர்களுக்கு ஆசனவாய்ப் புற்றுநோய் அபாயம் பிறரினும் மிகுதி. பாப்பிலோமா வைரஸே பெரும்பாலும் காரணம். சிறுநீரகம் மாற்றிக்கொண்டோருக்கும் இவ்வபாயம் உண்டு. எனவே ஒழுக்கத்தின் மீது பழி சுமத்துவது முறையன்று.

குருதி கசிந்தால் மூலமென்று கருதிப் பலர் வாளாவிருந்து விடுகின்றனர். மார்க்கத்தைக் கற்க வெட்கம் தடையாகாத அன்சாரிப் பெண்மணிகளை அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டினார்கள். மருத்துவரிடம் மட்டும் ஏன் வெட்கம்?

எச்.ஐ.வி.யுடன், புற்றுக்கு முந்தைய மாற்றமும் கொண்ட 4,400க்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2022இல் வெளியாயிற்று. அம்மாற்றத்தை முன்னரே அகற்றியோரிடம் புற்றுநோய் 57 விழுக்காடு குறைந்தது. பஞ்சுக்குச்சியால் செல்லெடுத்து, ஐயமிருப்பின் உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பர். அவ்வசதி இல்லாத இடத்திலும் விரலால் தொட்டறியும் சோதனையை அறுவை மருத்துவர் சில நிமிடங்களில் செய்துவிடுவார். மருந்து வாங்கச் செல்லும் நாளிலேயே கேளுங்கள்.