உங்களுக்குத் தெரியுமா? காதுக்குள் கருவி, கேட்பதோ மூளை

◆ உட்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் கொக்லியாவில், ஒலியை நரம்புக்குக் கொடுக்கும் உள்வரிசை மயிர்க்கலங்கள் ஏறக்குறைய 3,500. அவை பழுதானவர்களுக்கு வைக்கப்படும் கொக்லியர் கருவியில் இருப்பதோ 12 முதல் 22 வரையான மின்வாய்கள். மிச்ச வேலை மூளையினுடையது.

◆ அந்த மின்வாய் வடத்தை வளைந்த குழாய்க்குள் செலுத்தும் வழி, 1977இல் கடற்கரையில் ஒரு சங்கினுள் புல்லைச் செருகிப் பார்த்தபோதுதான் அவுஸ்திரேலிய மருத்துவர் கிறேம் கிளார்க்குக்குப் பிடிபட்டது. நுனி துவண்டும் அடி விறைத்தும் இருந்த புல் உள்ளே போனது. அடுத்த ஆண்டே மெல்பேர்ணில் ஒருவருக்குப் பல மின்வாய்க் கருவியைப் பொருத்தினார். கிளார்க்கின் தகப்பனாரும் காது கேளாதவர்.

◆ கருவியை முதன்முதலில் இயக்கும்போது பலருக்குப் பேச்சு கீச்சுக் குரலாகவே கேட்கும். தாழ்ந்த சுருதிக்குரிய இடம் கொக்லியாவின் உட்சுற்றில் இருக்கிறது, வடம் அவ்வளவு தூரம் போவதில்லை. முன்பு கேட்டுப் பழகியவரின் மூளை, தெரிந்த சொற்களோடு புதிய ஒலியை ஒப்பிட்டு, மாதக்கணக்கில் தன்னையே திருத்திக்கொள்ளும். கீச்சுக் குரல் மெல்ல மெல்ல மனைவியின் குரலாகும்.

◆ பிறவியிலேயே கேளாத பிள்ளைக்கு ஒப்பிட ஒலி நினைவு இல்லை. ஒலிக்காகக் காத்திருக்கும் மூளைப்பகுதியைப் பார்வையும் தொடுகையும் எடுத்துக்கொள்ளத் தொடங்கும். மூன்றரை வயதுக்குள் கருவி பெற்ற பிள்ளைகளின் மூளை அலைகள் பெரும்பாலும் வயதுக்கேற்ற நிலைக்கு வந்துவிடுவதையும், ஏழு வயதுக்குப் பின் அது அரிது என்பதையும் அமெரிக்காவில் அனு சர்மாவின் ஆய்வுகள் காட்டின. தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இக்கருவியை 6 வயதுக்கு உட்பட்டோருக்கு வழங்குவதும் இந்த அவசரத்தை அறிந்துதான்.

எங்கள் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "பொறுத்துப் பாப்பம், தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்." அந்தப் பொறுமையில் போகும் மாதங்கள் திரும்பி வராதவை. பிறந்த குழந்தை நித்திரையில் இருக்கும்போதே சில நிமிடங்களில் செவிப்புலனைச் சோதிக்கலாம். தயவுசெய்து கேட்டுச் செய்வியுங்கள்.

◆ தமிழின் குறில் நெடில் கருவிக்குத் தோதானது. பல், பால் இரண்டுக்கும் வித்தியாசம் நேர அளவு. நேரத்தைக் கருவி நன்றாகக் கடத்தும். ல, ள, ழ தான் கடினம். புலியா புளியா என்பது உதட்டைப் பார்த்தாலும் தெரியாது, நா வளைவது வாய்க்குள். ஆனால் "குழம்புக்குப் புளி விடு" என்றால் மூளைக்குச் சந்தேகமே வராது. ஆகவே தனிச்சொற்களை விட, அடுப்படியிலும் கிணற்றடியிலும் முழு வசனமாகக் கதைப்பதே நல்ல பயிற்சி. அம்மம்மாவைவிடச் சிறந்த ஆசிரியர் கிடைப்பது அரிது.

◆ நல்லூர்த் திருவிழாவில் தவிலின் நடை கருவிக்காரருக்குத் தெளிவாகக் கேட்கும். நாதஸ்வரத்தின் இராகம் பெரும்பாலும் குழம்பும். சில மின்வாய்களால் நுண்ணிய சுருதியைப் பிரித்துக் கொடுக்க முடியாது. சனநெரிசலில், ஒலிபெருக்கிக்கு நடுவே பேச்சும் கடினமே. பக்கத்தில் போய், முகம் பார்த்துக் கதையுங்கள்.

◆ சைகை மொழியையும் மூளை மொழிக்குரிய பகுதிகளாலேயே கையாளுகிறது. யாழ்ப்பாணம் கைதடியில் கேளாத பிள்ளைகள் படிக்கும் நஃபீல்ட் பாடசாலையில், அவர்கள் கைகளால் கதைப்பது முழுமையான மொழி.

◆ கருவி அணிந்த பிள்ளைக்குக் காலைதோறும் ஆறு ஒலிச் சோதனை உண்டு. பின்னால் நின்று, உதட்டசைவு தெரியாமல் ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, பிள்ளை திருப்பிச் சொல்லவேண்டும். தாழ்ந்த ம் முதல் கூரிய ஸ் வரை பேச்சின் சுருதிகள் அனைத்தும் இதில் அடங்கும். நேற்றுக் கேட்ட ஸ் இன்று கேட்கவில்லையென்றால் முதலில் பற்றரியையும் வயரையும் பாருங்கள். அப்போதும் கேட்கவில்லையென்றால் அன்றே செவிப்புலனியலாளரிடம் கூட்டிச் செல்லுங்கள்.