தீபாவளிக் கணக்கில் ஜனவரியையும் சேருங்கள்

தீபாவளிக்கு வாங்கும் கடன் தீபாவளியன்று வலிப்பதில்லை. பள்ளி திறக்கும் வேளையில்தான் அது கழுத்தைப் பிடிக்கும். 2026 முதல் பள்ளித் தவணை மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. தீபாவளி முடிந்த கையோடு சீருடை, காலணி, பள்ளி வேன் கட்டணம் வந்து நிற்கின்றன. தை பிறந்ததும் பொங்கல், அதையடுத்து தைப்பூசம். மூன்று நான்கு மாதத்துக்குள் இத்தனைக்கும் ஒரே சம்பளத்தில் வழி செய்ய வேண்டியிருக்கிறது.

எனவே, வருமானம் குறைந்த குடும்பங்கள் தைப்பூசம் வரைக்குமான செலவுகளை முதலில் ஒரு தாளில் எழுதிவிட்டு, மிஞ்சுவதைத் தீபாவளிக்கு ஒதுக்குவதே பாதுகாப்பானது.

தொகையை முதலில் முடிவு செய்வது

நாட்டில் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, ஊழியர் சேமநிதிக்குப் போகிறது. சொக்சோ பிடித்தமும் போனால் கைக்கு வருவது ஏறக்குறைய 1,500 வெள்ளி. இப்படிப்பட்ட குடும்பம் தீபாவளிக்காக 1,500 வெள்ளி கடன் வாங்கினால், ஒரு மாத உழைப்பு முழுவதையும் முன்கூட்டியே செலவழித்துவிட்டது என்று பொருள்.

மாதம் 60 வெள்ளி வீதம் பத்து மாதம் ஒதுக்கினால் 600 வெள்ளி சேரும். பலகார மாவு, எண்ணெய், பருப்புக்கு 120; பிள்ளைகளின் துணிமணிக்கு 200; தீபாவளி நாள் சமையலுக்கு 150; பூ, விளக்கு, பூஜைப் பொருள்களுக்கு 40; பயணத்துக்கும் அங்பாவுக்கும் 90 என்று பிரித்துக்கொள்ளலாம். குடும்பத்துக்குக் குடும்பம் தொகை மாறும். கடைக்குப் போகும் முன்பே தொகை முடிவாகியிருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

எதைக் குறைக்கலாம்?

முன்னோருக்குப் படையல், விடியற்காலையில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பது, புத்தாடை, கோயில், பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி பெறுவது. தீபாவளியின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. புத்தாடையைத் தவிர மற்றவற்றுக்குப் பெரிய செலவில்லை.

பணத்தை விழுங்குவது வேறு. வீட்டுக்குச் சாயம், புதுத் திரைச்சீலை, சோபா, பெரிய தொலைக்காட்சி ஆகியவை விருந்தினர் கண்ணுக்காக வாங்கப்படுபவை. இப்போது கைப்பேசியிலேயே ‘பிறகு கட்டலாம்’ என்று பொருள் வாங்கும் வசதி வந்துவிட்டது. ஒரு தவணை சிறியதாகத்தான் தெரியும். நான்கு பொருளுக்கான தவணைகள் சேரும்போது பள்ளி திறக்கும் மாதச் சம்பளத்தையும் அவை பிடித்துக்கொள்ளும்.

துணியில் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் வீட்டில் இருக்கும் நல்ல சேலை, வேட்டியைத் துவைத்துத் தேய்த்து உடுத்துவதில் குறைவொன்றும் இல்லை. அங்பாவிலும் அப்படித்தான். உறைக்குள் இரண்டு வெள்ளி இருந்தாலும் குழந்தை அதை மகிழ்ச்சியோடுதான் வாங்கும்.

கூடிச் செய்தால் செலவு பாதி

தோட்டங்களில் லயத்து வீடுகள் ஒட்டியொட்டி இருந்த காலத்தில், பலகாரம் ஒரு வீட்டு வேலையாக இருந்ததில்லை. ஒரு வீட்டில் மாவு இடித்தால் அடுத்த வீட்டில் முறுக்கு பிழிவார்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஆடு வாங்கிக் கூறு போட்டுக்கொள்வதும் உண்டு. தாமான், அடுக்குமாடி வீடுகளிலும் இது நடக்கக்கூடியதே. மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் ஒருவர் முறுக்கு, ஒருவர் அதிரசம், ஒருவர் நெய்யுருண்டை எனப் பிரித்துச் செய்து மாற்றிக்கொள்ளலாம். மூவர் வீட்டுத் தட்டிலும் மூன்று வகையும் இருக்கும். திறந்த இல்ல உபசரிப்புக்கும் உறவினர் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்தால் ஒரே வீட்டின் மேல் பாரம் விழாது.

அரசு உதவித்தொகை பெறும் 1 கிலோ பொட்டல எண்ணெய் 2 வெள்ளி 50 காசு. மைகாட்டில் சாரா உதவி பெறுவோர் அரிசி, எண்ணெய், முட்டையை அதில் வாங்கிக்கொண்டால் கைப்பணம் மிஞ்சும். பள்ளிப் பொருள்களையும் சாராவில் வாங்க முடியும். பெருநாள் காலங்களில் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு சில பொருள்களுக்கு உச்சவரம்பு விலையை அறிவிக்கிறது. அந்தப் பொருள்களுக்குக் கடைக்காரர் இளஞ்சிவப்பு விலை அட்டை வைக்க வேண்டும். வாங்கும் முன் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால்

நகையை அடகு வைப்போர் கணக்குப் பார்த்து வைக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் அடகுக் கடைச் சட்டப்படி மாத வட்டி 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அந்த உச்ச வட்டியில் 1,000 வெள்ளிக்கு மாதம் 20 வெள்ளி, ஆறு மாதத்தில் 120 வெள்ளி ஆகிறது. தவணைக்குள் மீட்க முடியாவிட்டால், அம்மா போட்ட தாலிக்கொடியானாலும் கைவிட்டுப் போகலாம்.

உரிமம் பெற்ற வட்டிக் கடைகள் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேலும், ஈடுள்ள கடனுக்கு 12 விழுக்காட்டுக்கு மேலும் வட்டி வாங்க முடியாது. வாரவட்டி கேட்பவரும், ஏ.டி.எம். அட்டையையும் அதன் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்பவரும் ஆலோங்தான். எவ்வளவு அவசரமென்றாலும் அந்த வாசலை மிதிக்கக்கூடாது.

பெண்கள் பலர் நம்பிப் பணம் போடும் கூட்டுச் சீட்டிலும் கவனம் தேவை. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பிடித்தவர் ஓடிவிட்டால் தீபாவளிப் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். அதே 60 வெள்ளியைச் சொந்த வங்கிக் கணக்கில் போட்டு வைப்பதே மேல்.

ஏற்கெனவே வங்கிக் கடனில் சிக்கியிருப்போர் ஏ.கே.பி.கே. கடன் ஆலோசனை நிறுவனத்தை நாடலாம். பேங்க் நெகாராவால் 2006இல் அமைக்கப்பட்ட அது இலவசமாகவே ஆலோசனை தருகிறது.

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

‘இந்த ஆண்டு ஒரு செட் துணிதான், ஆனால் பாட்டி வீட்டுக்குப் போகிறோம்’ என்று ஒரு மாதம் முன்பே சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். கடைசி நேரத்தில் கடையில் நின்று மறுக்கும்போதுதான் அழுகையும் மனக்கசப்பும் வருகின்றன. உறவினரிடமும், ‘இம்முறை சாப்பாடு எளிமையாகத்தான், கண்டிப்பாக வாங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

தீபாவளி முடிந்த வாரத்தில் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்து, செலவான தொகையைப் பத்தால் வகுத்தால், அடுத்த தீபாவளிக்கு மாதம் எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பள்ளிச் செலவு ஓய்ந்த மாதத்திலிருந்தே அதைத் தொடங்கலாம்.