தோட்டத்துத் துவக்கு யார் பொறுப்பில்?

குருவிட்டத் தோட்டமொன்றில் இரவுக் காவலுக்குப் போகிறவர் கையில் துவக்கைக் கொடுத்தால், அவர் முதலில் என்ன கேட்க வேண்டும்?

தோட்டத்தில் ஆயுதம் நேற்று வந்ததல்ல. 1900இல் உருவான இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படையில் ஐரோப்பியத் துரைமாரே சிப்பாய்கள். மற்ற நாட்களில் பிரட்டுக்களத்தில் பேர் போட்டவர்கள் பயிற்சி நாளில் ரைபிள் தூக்கினார்கள். 1949இல் படை கலைந்தது. எதிரே நின்ற தொழிலாளிக்கு அந்த ரைபிள் எந்தப் பக்கம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பாதுகாப்புக்கென்று வைத்த துவக்கே ஆபத்தை வீட்டுக்கு அழைத்ததும் உண்டு. 1971 ஏப்ரல் கிளர்ச்சி கேகாலை மாவட்டத்தில் கடுமையாக இருந்தது. ஆயுதம் போதாத கிளர்ச்சியாளர்கள் வீடுகளில் இருந்த வேட்டைத் துவக்குகளைத் தேடிப் பறித்தார்கள். துவக்கு இல்லாத லயத்துக் காம்பிராவில் அவர்களுக்கு என்ன வேலை?

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். ஆகவே காவற்காரர் பத்திரத்தைக் கேட்டுப் பார்க்கட்டும்: யார் பெயரில் இருக்கிறது, எந்த ஆண்டுக்குரியது? பன்றிக்கு வைத்த வெடி ஆள்மீது பட்டால் பொலிசார் முதலில் விசாரிப்பது விசையை இழுத்தவரைத்தான். துவக்கு ஓர் அலுமாரியிலும் தோட்டா வேறொன்றிலும் இருக்கட்டும். எடுத்தவர் பெயரும் நேரமும் கொப்பியில் எழுதப்படட்டும், எடுத்தவர் துரையானாலும்.