தீவுக்குத் தீவு ஒரு கப்பல்: மாயாபந்தர் வரை

கடல் சூழ்ந்த ஊர்களில் வாழ்வோருக்குக் கப்பல் அட்டவணையே நாட்காட்டி. காய்கறி வந்து சேரும் நாளும், மருத்துவரைக் காணப் புறப்படும் நாளும், விடுமுறைக்குப் பிள்ளைகள் வீடு திரும்பும் நாளும் அதைப் பார்த்தே முடிவாகின்றன. அந்தமான் தீவுகளைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் செல்லுலார் சிறையிலும் வெண்மணற் கடற்கரைகளிலும் நின்றுவிடுகின்றன. அவற்றுக்கு அப்பால், தீவு மக்கள் அன்றாடம் செல்லும் கப்பல்களிலேயே வடக்கு நோக்கிச் சென்று, மாயாபந்தர் என்னும் அமைதியான துறைமுக ஊரைக் கண்டு வருவது என்று நாங்கள் இரு குடும்பத்தினர் முடிவு செய்தோம். விடுப்புப் பயணச் சலுகையைப் பயன்படுத்திச் சென்ற அந்தப் பயணத்தில் கண்டவற்றையும் கற்றவற்றையும் வாடிக்கையாளர்களாகிய உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

அந்தமான் நிக்கோபார் கூட்டத்தில் தீவுகளும் பாறைத் திட்டுகளுமாக 800க்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றுள் மக்கள் வாழ்பவை 31 மட்டுமே. தலைநகரான போர்ட் பிளேர் 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கப்படுகிறது. ஹேவ்லாக் தீவு 2018இல் சுவராஜ் துவீப் ஆயிற்று. ஆயினும் படித்துறையில் கூவி அழைப்போரின் வாயில் பழைய பெயர்களே இன்னும் வாழ்கின்றன. பயணச்சீட்டில் ஒரு பெயரும் பேச்சில் ஒரு பெயரும் இருப்பதால், புதிதாகச் செல்வோர் இரண்டையும் அறிந்து வைப்பது நன்று.

தலைநகரின் பீனிக்ஸ் பே படித்துறையிலிருந்து தீவுகளுக்கு இடையேயான அரசுக் கப்பல்கள் அதிகாலையிலேயே புறப்படுகின்றன. இந்திய நேரமே இங்கும் கடைப்பிடிக்கப்பட்டாலும் கதிரவன் நமக்கு முன்பே இங்கு எழுந்துவிடுகிறான். காலை ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் பரவிவிடுகிறது. மாலை ஐந்தரைக்குள் இருள் சூழத் தொடங்குகிறது. சுவராஜ் துவீப்புக்குத் தனியாரின் விரைவுக் கப்பல்கள் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சென்றுவிடும். அரசுக் கப்பலுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். விரைவுக் கப்பலில் குளிரூட்டிய அறைக்குள் அமர்ந்து செல்ல வேண்டும். அரசுக் கப்பலிலோ மேல்தளத்தில் நின்று கடலைக் காணலாம். சக பயணிகளோடு பேசலாம். நாங்கள் இரண்டாவதையே தேர்ந்தோம்.

கப்பலின் கீழ்த்தளத்தில் வெங்காய மூட்டைகள், கோழிக்குஞ்சுக் கூடைகள், ஒரு தையல் இயந்திரம், இரண்டு மிதிவண்டிகள் ஆகியவை எங்களுடன் பயணம் செய்தன. கரை மறைந்த சிறிது நேரத்தில் நீரின் நிறம் மாறியது. பறவை மீன்கள் கப்பலின் ஓரத்திலிருந்து எழுந்து, சிறிது தொலைவு பறந்து, மீண்டும் நீரில் மறைந்தன. சுவராஜ் துவீப்பில் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் இறங்கிவிட்டனர். அதன்பின் கப்பல் தீவு மக்களுக்கு உரியதாயிற்று.

லாங் தீவைச் சேர்ந்த முதிய அம்மையார் ஒருவர், நாங்கள் தமிழில் பேசுவது கேட்டு அருகில் வந்து அமர்ந்தார். கண் அறுவைக்குப் பிந்தைய பரிசோதனை முடிந்து வீடு திரும்புகிறார். "திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள் தம்பி. கடல் சரியில்லை என்று மூன்று நாள் கப்பல் வரவில்லை. வியாழக்கிழமைதான் போய்ச் சேர்ந்தேன். டாக்டர் திட்டவில்லை, அவருக்கும் தெரியும்" என்றார். சுற்றுலாக் காலத்தில் இருக்கை கிடைப்பது எப்படி என்று கேட்டோம். "கிடைத்தால் போவோம், இல்லாவிட்டால் அடுத்த கப்பல்" என்று சிரித்தார். எங்கள் கையிலிருந்த பயணச்சீட்டுகளை நாங்கள் அதன்பின் வேறு விதமாகப் பார்த்தோம். ஒரு நாள் தாமதம் நமக்கு ஒரு கடற்கரையை இழக்கச் செய்யும். அவருக்கோ அது கண்பார்வையைப் பற்றிய கேள்வி. தீவு மக்களுக்குக் கப்பல் கட்டணத்தில் சலுகை அளிக்கப்படுவதன் நியாயத்தை விளக்க அவருடைய சொற்களே போதும்.

லாங் தீவின் சிறு படித்துறையில் அவர் இறங்கிக்கொள்ள, கப்பல் எங்களை ரங்கத்தில் சேர்த்தது. அங்கிருந்து மாயாபந்தருக்குச் சாலை வழியே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். தலைநகரிலிருந்து முழுவதும் சாலை வழியாகவும் வரலாம். தொலைவு ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அச்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதியை ஊடுருவிச் செல்கிறது. அங்கே வண்டிகள் குறித்த நேரத்தில் அணியாகவே செல்ல வேண்டும். நிறுத்துவதும் படம் எடுப்பதும் சட்டப்படி குற்றம். வெளியுலகத் தொடர்பால் நோய் பரவும் அபாயத்தில் வாழும் அம்மக்களின் அமைதியைக் கருதிக் கடல்வழியைத் தேர்வது நல்லது என்பது எங்கள் கருத்து.

பாரசீக மொழியில் 'பந்தர்' என்றால் துறைமுகம். முத்துக்குப் புகழ்பெற்ற பந்தர் என்னும் ஊரைப் பதிற்றுப்பத்தும் குறிப்பிடுகிறது. மாயாபந்தர் வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடம். மாவட்டத் தலைநகர் என்றதும் நம் மனத்தில் எழும் நெரிசல் எதுவும் இங்கு இல்லை. மேட்டில் அரசு அலுவலகங்கள். சரிவில் ஒரு கடைத்தெரு. அதன் முடிவில் படித்துறை. நண்பகலில் கடைகள் பாதி மூடிக் கிடக்கின்றன. கப்பல் வரும் செய்தி பரவியதும் ஆட்டோக்களும் தள்ளுவண்டிகளும் எங்கிருந்தோ தோன்றுகின்றன. ஒரு மணி நேரம் ஊர் ஆரவாரம் கொள்கிறது. பின்னர் மீண்டும் அடங்கிவிடுகிறது.

இந்த ஊரை வளர்த்தது மரம். காட்டு வேலைக்காக 1925இல் பர்மாவிலிருந்து கரேன் இனத்தவர் இங்கு அழைத்து வரப்பட்டனர். மாயாபந்தரை அடுத்த வெபி கிராமம் அவர்கள் அமைத்தது. ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்த தொழிலாளர், நாட்டுப் பிரிவினைக்குப் பின் குடியேற்றப்பட்ட வங்காளிகள், தமிழர், தெலுங்கர் எனப் பலரும் பின்னர்ச் சேர்ந்தனர். இன்று கடைத்தெருவில் இந்தி பொது மொழி. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டு ஆணை பெரிதும் கட்டுப்படுத்தியது. காடு பிழைத்தது, மரத்தை நம்பிய குடும்பங்கள் மீன்பிடித்தல், பாக்கு, தென்னை, அரசுப் பணி என வேறு வழி தேட வேண்டியதாயிற்று. இந்த அமைதியின் பின்னே ஒரு தொழில் சுருங்கிய கதையும் உள்ளது. ஆகவே இங்கே ஒரு பயணி இரண்டு இரவு தங்கி, உள்ளூர் உணவகத்தில் உண்டு, உள்ளூர்ப் படகை வாடகைக்கு அமர்த்தினால் அப்பணம் சென்று சேரும் இடம் பயனுள்ளது.

அப்படி ஒரு மோட்டார்ப் படகில் ஏவிஸ் தீவுக்குச் சென்றோம். தென்னை மரங்கள் அடர்ந்த சிறு தீவு. வழியில் இரு கரையிலும் அலையாத்திக் காடுகள். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின்போது வட அந்தமானில் கடற்கரை உயர்ந்து பவளப்பாறைகள் நீருக்கு மேல் வந்தன. தெற்கே நிலம் தாழ்ந்து வயல்களில் கடல்நீர் புகுந்தது. "பழைய கரை அங்கே இருந்தது" என்று படகோட்டி கைநீட்டிக் காட்டியபோது, பாடநூலில் படித்த செய்தி கண்முன் நின்றது. கர்மாடாங் கடற்கரையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆமைகள் முட்டையிட வருகின்றன. அங்கு இரவில் செல்வோர் விளக்கொளியைத் தவிர்க்க வேண்டும். கழிமுகங்களில் உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் நீரில் இறங்கலாகாது.

வங்கிப் பணியில் இருப்பவர்கள் என்பதால் ஒன்றை நாங்கள் சிறப்பாகக் கவனித்தோம். சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. தலைநகருடன் சுவராஜ் துவீப், லாங் தீவு, ரங்கத் உள்ளிட்ட இடங்களை அது இணைக்கிறது. அதற்கு முன் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்த தீவுகளில் இன்று தேநீர்க் கடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. எனினும் மாயாபந்தரில் மழை பெய்த மாலையில் இணைப்பு அறுந்தது. மீன் விற்ற பெண்மணி, "நாளை கொடுங்கள்" என்று கூறி மீனைக் கட்டிக் கொடுத்தார். மறுநாள் காலை முதல் வேலையாக அவரைத் தேடிச் சென்று பணத்தைக் கொடுத்தோம்.

பயணம் மேற்கொள்ள விரும்புவோருக்குச் சில குறிப்புகள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரண்டு நாட்களையேனும் தலைநகரில் ஒதுக்குங்கள். கப்பல் நின்றால் அந்நாட்கள் உங்களைக் காக்கும். இரண்டு நாள் தங்கல், உணவு, சாலைப் பயணம் ஆகியவற்றுக்குப் போதிய ரொக்கத்தைத் தனியே வையுங்கள். சில்லறை நோட்டுகள் மிகவும் உதவும். பயணக் காப்பீடு எடுக்கும்போது வானிலையால் ஏற்படும் ரத்துக்கு இழப்பீடு உண்டா என்று படித்துப் பாருங்கள். கடற்கரையில் கிடக்கும் பவளத்தையோ சங்கையோ எடுத்து வராதீர்கள். வனவிலங்குச் சட்டம் பலவற்றைத் தடை செய்துள்ளது.

பயணத் திட்டம் உறுதியில்லையெனில் கப்பல் இருக்கைகளை முன்பதிவு செய்து வைத்திருக்காதீர்கள். வேண்டாத சீட்டை உரிய நேரத்தில் ரத்து செய்யுங்கள். நீங்கள் விட்டுக்கொடுக்கும் அந்த ஓர் இருக்கையில், மருத்துவரைக் காணச் செல்லும் ஒருவர் அமரக்கூடும்.