வீட்டில் சவர்க்காரம் செய்கிறீர்களா? கவனம் தேவை

தேங்காய்ப்பாலும் பப்பாளி விழுதும் சேர்த்து வீட்டிலேயே சவர்க்காரம் செய்யலாம். ஆனால், அதற்குத் தேவைப்படும் காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். வயது கூடும்போது தோல் மெலிவதால், புண் ஆறவும் நாளாகும்.

• கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள். சன்னல்களைத் திறந்துவையுங்கள். பேரப்பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

• அலுமினியப் பாத்திரத்தைத் தவிருங்கள்.

• பழத்திலும் தேங்காய்ப்பாலிலும் உள்ள சர்க்கரை, கலவையின் சூட்டைக் கூட்டும். ஆகவே, தேங்காய்ப்பாலை உறையவைத்து, அதில் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். காஸ்டிக் சோடாவின்மேல் பாலையோ தண்ணீரையோ ஊற்றாதீர்கள், பொங்கித் தெறிக்கும்.

• சவர்க்காரத்தை 4 முதல் 6 வாரம் காயவிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

உடலில் தெறித்தால், உடனே குழாய்த் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். வினிகர் தடவாதீர்கள். கண்ணில் பட்டால், கழுவிக்கொண்டே 995ஐ அழையுங்கள்.