ஏடு பெயர்த்தெழுதலும் சேவையகம் புதுக்கலும்

செல்லரித்த ஓலைச்சுவடி பொடிந்து போகுமுன் அதனைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி வைத்தல் எம் முன்னோர் வழக்கம். பெயர்த்ததோடு பணி முடிந்ததன்று. மூலத்தோடு ஒப்புநோக்கிப் பிழை களைதலும் வேண்டும். ஒப்புநோக்காத பிரதி எத்துணை அழகிய கையெழுத்தினதாயினும் நம்பத்தக்கதன்று. கணினியுலகில் இதனையொத்த பணியொன்றுண்டு. சேவையகத்தைப் புதிய பணிசெயல் முறைமைக்கு மாற்றுதலே அது. அதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பல கணினிகள் கேட்பனவற்றை இடையறாது வழங்கி நிற்குங் கணினி சேவையகம். அதன் உறுப்புக்களையும் மென்பொருள்களையும் ஆண்டு நடத்துவது பணிசெயல் முறைமை. யாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் டெபியன். 1993 இல் இயன் மேர்டொக் என்பவர் தொடக்கிய இம்முறைமையைத் தொண்டர்களே ஆக்கி வருகின்றனர். இதன் பதிப்புக்களுக்கு ‘டோய் ஸ்டோரி’ திரைப்படப் பாத்திரங்களின் பெயர்களை இடுதல் மரபு. 2023 யூனில் வெளிவந்த 12 ஆம் பதிப்பு ‘புக்வேர்ம்’, அஃதாவது புத்தகப் புழு. 2025 ஓகஸ்டில் வெளிவந்த 13 ஆம் பதிப்பு ‘டிரிக்ஸி’.

நன்கு இயங்குவதை மாற்றுவானேன் என வினவலாம். ஒவ்வொரு பதிப்பும் மூன்றாண்டு முழுப் பராமரிப்பும், அதன்பின் ஏறக்குறைய ஈராண்டு நீடித்த பராமரிப்பும் பெறும். அக்காலங் கழிந்தபின் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைப்பார் இலர். பூட்டுப் பழுதான வீட்டில் வாழ்பவன் கள்வன் வாராத நாளெல்லாம் தன் பூட்டு நல்லதென்றே எண்ணுவான்.

மாற்றும் முறை வருமாறு. பதிப்புக்களை ஒவ்வொன்றாகவே கடத்தல் வேண்டும். 11 இலிருந்து 13 க்குத் தாவுதல் ஆகாது. முதற்கண் வெளியீட்டுக் குறிப்புக்களை முற்றாக வாசிக்க. பழைய பதிப்பை அதன் இறுதித் திருத்தம் வரை கொணர்க. வட்டில் வெற்றிடம் போதுமா எனப் பார்க்க. பின்னர், பொதிகள் பெறப்படும் இடங்களைக் குறிக்கும் பட்டியலிற் பழைய பெயரை நீக்கிப் புதியதை எழுதுக. முதலிற் புதுப் பொதிகளைச் சேர்க்காது உள்ளவற்றை மாத்திரம் உயர்த்தி, அதன்பின் முழு மாற்றத்தைச் செய்து, கணினியை மீளத் தொடக்குக. இடையே, நாம் முன்னர்த் திருத்திய அமைப்புக் கோப்புக்களை வைத்திருப்பதா, புதியனவற்றை ஏற்பதா என்னும் வினா எழும். வேறுபாட்டைப் பாராது விடையளித்தல் தவறு.

தரவுத்தளத்துக்குத் தனிக்கவனம் வேண்டும். போஸ்ட்கிரெஸ் 12 ஆம் பதிப்பில் 15 ஆகவும் 13 ஆம் பதிப்பில் 17 ஆகவும் உள்ளது. புதியது நிறுவப்படினும் தரவுகள் தாமாகப் பெயர்வதில்லை, பழையதிலேயே தங்கியிருக்கும். அவற்றைத் தனிக் கட்டளையாற் பெயர்த்துச் சரிபார்த்த பின்னரே பழைய மென்பொருளை நீக்கலாம்.

இனி எம் அனுபவமொன்று. யாம் பராமரித்த சேவையகமொன்றில் ஒரு சங்கத்தின் அங்கத்தவர் பதிவேடு இருந்தது. காலஞ்சென்றோர் சிலரைப் பற்றிய குறிப்புக்கள் வேறெங்கும் இல்லை. இரவுதோறும் காப்புப் பிரதி எடுக்கப்பட்டது. ‘வெற்றி’ என்னுஞ் செய்தியும் காலைதோறும் வந்தது. மாற்றத்துக்கு முன்னாள், வேறொரு கணினியில் அப்பிரதியை மீட்டுப் பார்த்தோம். படங்கள் வந்தன; பதிவேடு வரவில்லை. தரவுத்தளக் கடவுச்சொல்லை யாமே மாற்றியிருந்தோம். காப்பெடுக்கும் நிரலில் அதனை மாற்ற மறந்தோம். அன்று தொட்டு இரவுதோறும் வெறுங் கோப்பொன்றே சேமிக்கப்பட்டு வந்தது. மறுநாட் பணியில் ஒரு தவறு நேர்ந்திருப்பின் அப்பெயர்கள் அழிந்தே போயிருக்கும். மாற்றத்தை ஒரு வாரம் ஒத்திவைத்தோம். பிரதியைச் செம்மையாக எடுத்து, மீட்டு, பதிவுகளை எண்ணி ஒப்புநோக்கினோம். அதன்பின் மாற்றம் ஒரு பிற்பகலில் இடரின்றி நிறைவேறியது.

கணினித் துறையிற் புகும் மாணவர்க்கு யாம் கூறுவது இதுவே: கட்டளைகளைக் கற்றல் எளிது, அவை குறிப்புக்களிலேயே உள. மீட்டுப் பார்க்கப்படாத காப்புப் பிரதி, பிரதியன்று, வெறும் நம்பிக்கையே. ஒப்புநோக்கிய பின்னரே பழைய ஏட்டைக் கைவிடுக.