உழவு இயந்திரத்தின் பற்றரியை மாற்றவேண்டிய காலம்

புரட்டாதிக் கடைசியில் முதல் மழை விழுந்து நிலம் நெகிழ்ந்ததும், வன்னியிலும் கிழக்கிலும் உழவு இயந்திரங்கள் பொழுது விடியுமுன்பே வயலில் இறங்கிவிடுகின்றன. அவ்வேளையில் சாவியைத் திருப்பியும் இயந்திரம் ஒருமுறை முனகி நின்றுவிடுமாயின், கமக்காரருக்கு நேரும் நட்டம் பற்றரியின் விலையோடு முடிவதில்லை. அயலிலுள்ள இயந்திரங்கள் யாவும் தத்தம் முறைக்கு ஓடிக்கொண்டிருக்கும். இரவல் கேட்க இடமிராது. இரண்டு மூன்று நாள் வெயில் எறித்தால் மண் இறுகிவிடும். மழை வலுத்தாலோ சக்கரம் புதையும். ஆகவே பற்றரி இன்னுமொரு போகத்துக்குத் தாங்குமா என்பதை ஆவணி மாதத்திலேயே தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும். கைபிடியாற் சுழற்றி இயக்கப்படும் இருசக்கர உழவு இயந்திரத்துக்கு இக்கவலை இல்லை. நாற்சக்கர உழவு இயந்திரத்தையும், மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றும் சிறு லொறியையும் வைத்திருப்போர்க்கே இது பொருந்தும்.

பற்றரியினுள்ளே ஈயத் தகடுகள் ஐதான சல்பூரிக்கமிலத்தில் நிற்கின்றன. 12 உவோற்றுப் பற்றரியில் இத்தகைய கலங்கள் ஆறு உண்டு. மின் வெளியேறும்போது தகடுகளின்மேல் ஈயச்சல்பேற்று படிகிறது. மீண்டும் மின்னேற்றும்போது அது கரைந்து பழைய நிலைக்கு வருகிறது. மின் இறங்கிய நிலையில் வாரக்கணக்காகக் கிடக்குமானால் அப்படிவு பளிங்காக இறுகி, பின்னர் எளிதிற் கரையாது. வெப்பம் தகடுகளின் சட்டங்களை அரிப்பதோடு நீரையும் விரைவாக வற்றச் செய்கிறது. இதனால் 3 முதல் 5 ஆண்டுகள் வரை உழைக்கவேண்டிய பற்றரி, உலர்வலயத்தில் அதற்கு முன்னரே தளர்ந்துவிடுவதும் உண்டு. சிறுபோக வேலை முடிந்தபின் இயந்திரத்தைத் தகரக் கொட்டிலில் விட்டு, மழை வரும்வரை திரும்பிப் பாராதிருக்கும் வழக்கமே பல பற்றரிகளைக் கெடுக்கின்றது. அக்காலத்தில் இணைப்பைக் கழற்றிவைத்து, மாதமொருமுறையாவது மின்னேற்றுதல் வேண்டும். சீமெந்துத் தரையில் வைத்தால் மின் இறங்கிவிடும் என்று பலர் அஞ்சுவர். இக்காலப் பிளாத்திக்குக் கூட்டையுடைய பற்றரிகளுக்கு அவ்வச்சம் வேண்டியதில்லை.

முதுமையின் குறிகள் திடீரெனத் தோன்றுவனவல்ல. காலையில் இயந்திரம் முன்னையிலும் மெதுவாகச் சுழலும். ஆறு கலங்களுள் ஒன்று மட்டும் அடிக்கடி நீர் கேட்கும். அமிலம் தெளிவின்றிக் கருநிறமாகும். பெட்டியின் பக்கங்கள் வீங்கும். மாலையில் மின்னேற்றி வைத்தது மறுநாட் காலையில் இறங்கியிருக்கும். இவற்றைக் கண்டும் சிலர் இயந்திரத்தைக் குளக்கட்டின் சரிவில் நிறுத்திவைத்து, காலையில் உருட்டி இயக்கிக் காலங்கழிப்பர். பற்றரி ஓய்ந்ததை அவர் அறிந்தேயிருக்கிறார். மாற்றும் நாளைத் தள்ளிப்போடுகிறார், அவ்வளவே. உருண்டுவரும் இயந்திரம் கியரில் இருக்கும்போதே உயிர் பெற்றுப் பாயக்கூடும். முன்னால் நிற்பவர் விலக நேரமிராது. இப்பழக்கத்தை அறவே விடுதல் நன்று.

எனினும் இயந்திரம் சுழலாத காரணத்தால் மட்டும் புதிய பற்றரிக்குப் பணம் செலவிடுதல் கூடாது. முதலில் முனைகளைப் பார்க்கவேண்டும். அங்கே வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் அதனைக் கழுவி, உலர்த்தி, இறுக்கி, வசிலின் பூசவேண்டும். கழுவும் நீர் கலங்களுள் இறங்கலாகாது. பின்னர் முன்விளக்கை ஏற்றிச் சாவியைத் திருப்புக. விளக்கு ஒளி குன்றாதிருக்க இயந்திரம் அசையாவிட்டால், பழுது பெரும்பாலும் தொடக்கி மோட்டரிலோ அதன் ஆளியிலோ இருக்கும். விளக்கு முற்றாக மங்கினால் பற்றரியையோ இணைப்பையோ ஐயுறலாம். அப்போது முனைகளைத் தொட்டுப் பார்க்கையில் ஒன்று சூடாக இருந்தால், அவ்விணைப்பே குற்றவாளி.

இணைப்பிற் குறையில்லையேல் பற்றரியைச் சோதிக்கலாம். முன்னதாகத் தகடுகள் மூழ்கும் அளவுக்குக் காய்ச்சிவடித்த நீர் விட்டு, முழுமையாக மின்னேற்றி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்தல் அவசியம். மின் இறங்கிய பற்றரியைச் சோதித்துக் கெட்டதென்று தள்ளுவது பட்டினி கிடந்த மாட்டை நோயுற்றதென்று விற்பது போலாகும். ஓய்வுக்குப்பின் முனைகளிடையே ஏறத்தாழ 12.6 உவோற்று இருக்கவேண்டும், 12.2 ஆயின் பாதியளவே நிற்கின்றது. மூடி திறக்கக்கூடிய பற்றரியாயின் ஹைட்ரோமீற்றரால் ஒவ்வொரு கலத்தின் தன்னீர்ப்பையும் பார்க்கவேண்டும். முழு மின்னேற்றத்தில் அது 1.250 முதல் 1.280 வரை நிற்கும். எல்லாக் கலங்களும் ஒருசேரக் குறைந்திருந்தால் மறுபடி மின்னேற்றிப் பார்க்க இடமுண்டு. ஒரு கலம் மட்டும் மற்றவற்றிலும் 0.050 அளவுக்கு மேல் தாழ்ந்து, மின்னேற்றியபின்னும் எழாவிடில், அப்பற்றரியை மாற்றவேண்டியதே. மற்றை ஐந்து கலங்களும் நன்றாயிருப்பதாற் பயனில்லை. கடைசியாக, இயந்திரத்தைச் சுழற்றும்போது உவோற்று எவ்வளவு இறங்குகிறது என்பதை ஒருவர் பார்த்திருக்கவேண்டும். முழு மின்னேற்றமிருந்தும் 9.6 உவோற்றுக்குக் கீழே விழுந்தால், அது போகத்தின் பாரத்தைத் தாங்காது.

நாலு ஆண்டு கடந்த பற்றரி இச்சோதனைகளில் எல்லைக்கோட்டிலே தேறினால், பெரும்போகத்துக்கு முன் மாற்றிவிடுதலே சிக்கனம். ஓரளவு வலு எஞ்சியிருப்பின், பழையது யானைக்கும் பன்றிக்கும் காவலிருக்கும் கொட்டிலில் ஒரு சிறு விளக்கெரிக்க இன்னுஞ் சிலகாலம் உதவும்.

புதியதைப் பொருத்துமுன் இயந்திரத்தின் மின்னேற்றும் உறுப்பையும் பரிசோதித்தல் வேண்டும். இயந்திரம் மிதவேகத்தில் ஓடும்போது முனைகளில் 13.8 முதல் 14.4 உவோற்று வரை காணப்படவேண்டும். குறைந்தால் பட்டி தளர்ந்ததோ என்று பார்க்க. 15க்கு மேற்போனால் அமிலம் கொதித்து நீர் வற்றும். புதுப் பற்றரியும் ஓராண்டிற் பழையதாகும். வாங்கும்போது உற்பத்தித் திகதியைக் கேட்டறிந்து, இயந்திரத்தைச் செய்தவர்கள் குறித்த அம்பியர்-மணி அளவுக்குக் குறையாததையே கொள்ளுக. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது கடைசியிலும் தொடுதல் வேண்டும். மின்னேறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவருவதால், அதனருகே பீடியோ தீக்குச்சியோ ஆகாது.

கழித்த பற்றரியைக் கிணற்றடியிலோ வேலியோரத்திலோ எறிதல் பெருந்தீங்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் மேலே சிந்துவது விரைவிற் கீழே இறங்கும். குடிநீரும் தோட்டத்து நீரும் அங்கிருந்தே வருகின்றன. வீட்டு முற்றத்தில் உடைத்து ஈயம் உருக்குவதும் ஆகாது. அப்புகையும் தூசியும் சிறு பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். பழைய பற்றரியைப் புதியது வாங்கும் கடையிற் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வர். புதியதன் பக்கத்தில் பொருத்திய மாதத்தையும் ஆண்டையும் வெள்ளை மையால் எழுதிவைத்தால், அடுத்த முறை அதன் வயதை நினைவிலிருந்து தேடவேண்டியிராது.